அதெலீனும் ஞானம் மாமாவின் ஆட்களும்

நல்லது செய்கிறேன் என்று கிளம்பியவர்கள் செய்யும் கெடுதலுக்கு எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் புகார் வாங்குவதில்லை. வாங்கினால் முதல் ஆளாகப் போய் என் தாய்மாமா ஞானத்தின் பெயரைக் கொடுத்துவிட்டு வருவேன். நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. "இன்னுமா கோவம்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆமாம், இன்னும்தான்.

அப்போது நான் பெங்களூரில் ஒரு கால் சென்டர் கம்பெனியின் பிரெஞ்சு பிராசஸில் இருந்தேன். (இப்போதும் அங்கேதான். அந்த வயிற்றெரிச்சலுக்குப் பிறகு வருகிறேன்.) பிரான்சில் யார் வீட்டிலாவது பிரிண்டர் மக்கர் செய்தால் போன் என் காதில் அடிக்கும். ஆசை ஆசையாகப் படித்த பிரெஞ்சில் நான் தினமும் பேசிய வசனம், "ஒரு தடவை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க, மதாம்" என்பதுதான். நன்றி சொன்ன மதாம்களைவிடத் திட்டிய மதாம்கள் அதிகம். வசவுச் சொற்களில் மட்டும் என் பிரெஞ்சு நன்றாகத் தேறியது.

இந்தச் சமயத்தில்தான் ஒரு பழைய புத்தகக் கடையில் எனக்கு அதெலீன் கிடைத்தாள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஆபெராவில், அதாவது இசை நாடகத்தில், பாடியவள். (குடும்பப் பெயர் வேண்டாம். நம் வாயில் அது கோழி எலும்பு போலச் சிக்கிக்கொள்ளும்.) சலவைக்காரியின் மகள். பாரிஸுக்கு வந்து இசைப் பள்ளியில் அடித்துப் பிடித்து இடம் வாங்கி, சின்ன வயதிலேயே பெரிய மேடையின் நடுவில் நின்றவள். அந்தக் காலத்துப் பாரிஸ் ஆபெராவில் வாடகைக் கைதட்டிகள் இருந்தார்கள். கதை விடவில்லை, நிஜமாகவே இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு தலைவன். பாடுகிறவர்கள் அவனைக் கவனித்துக்கொண்டால் அரங்கம் அதிரும். கவனிக்காவிட்டால் அவ்வளவுதான்.

அந்தத் தலைவன் அதெலீன் வீட்டுக்கும் வந்தான். அவள் செருப்பைக் கழற்றிக் காட்டி அனுப்பினாள். அடுத்த ஆட்டத்தில் அவனுடைய படை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. காசு கொடுத்து வந்த மற்றவர்களும், தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் சும்மா இருந்துவிட்டார்கள். அந்த மயான அமைதிக்குள் அவள் ஒரு வரிகூட விடாமல் கடைசிவரை பாடினாள். அதற்குப் பிறகு பெரிய வேஷம் எதுவும் தேடி வரவில்லை. சின்னச் சின்ன ஊர்களில் பாடி, குரல் போனதும் வியாபாரிகளின் பெண்களுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்து, அப்படியே காலம் முடிந்தது. படித்துவிட்டு எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த வாரம் எந்த மதாமிடமும் நான் சிரித்துப் பேசவில்லை. ரேட்டிங் படுத்துவிட்டது.

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல்நாட்டு இசை ரசிகர்கள் கூடுவார்கள். நானும் போவேன். அங்கே வழக்கமாக வருபவர் வசுந்தரா மேடம், ஒரு கல்லூரியில் பிரெஞ்சுத் துறைத் தலைவி. அவர் துறையில் ஓர் ஆசிரியர் இடம் காலியாகி இருந்தது. "அதெலீனைப் பத்தி நீ இங்க பேசேன். நீ எப்படி எடுத்துச் சொல்றேன்னு நான் பார்க்கணும்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பேச்சு ஒழுங்காக அமைந்தால் ஹெட்செட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வகுப்பறைக்குள் போய்விடலாம்.

இதை வீட்டில் வாயைத் திறந்து சொன்னேன் பாருங்கள். அம்மா சொன்ன அடுத்த நிமிஷம் மாமா வந்து நின்றார். மாமாவுக்கு லிங்கராஜபுரத்தில் ஷாமியானா, நாற்காலி, மைக்செட் வாடகைக்கு விடும் தொழில். நாற்காலியோடு அதில் உட்கார ஆட்களும் வேண்டும் என்று கேட்கும் கட்சிக்காரர்களுக்கு அதையும் சேர்த்தே சப்ளை செய்வார்.

"எத்தினி பேர் வருவாங்க பாப்பா?"

"பதினஞ்சு பேர் வந்தா அதிகம் மாமா."

"த்சு! அது ஒரு கூட்டமா? எழவு வீட்டுக்குக்கூட அதுக்கு மேல வருவாங்களே."

"மாமா, இது அந்த மாதிரி கூட்டம் இல்ல. தயவுசெஞ்சு நீங்க எதுவும் செய்யாதீங்க."

"நான் சும்னே கேட்டேன்மா. நீ டென்ஷன் ஆவாத."

(சும்னே என்றால் எங்கள் பெங்களூர்த் தமிழில் சும்மா.) மாமா "டென்ஷன் ஆவாத" என்று சொன்னால் அங்கேயே டென்ஷன் ஆகியிருக்க வேண்டும். நான் ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த பங்களாவுக்குப் போனால் கேட்டிலேயே ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. உள்ளே எல்லா நாற்காலியும் நிரம்பி வழிந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைகள், பளபளக்கும் சேலைகள், மல்லிகை வாசனை. குஷன் கொண்டுவந்து உட்காரும் ரசிகப் பெரியவர்கள், குஷனைக் கையில் பிடித்தபடி சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். கூட்டத்தின் நடுவில் மாமா, கையில் சுருட்டிய செய்தித்தாளோடு. முன்வரிசையில் அம்மா, பட்டுச்சேலையில். ஓரத்தில் வசுந்தரா மேடம். இவர்கள் எல்லாம் யார் என்று அவர் என்னைப் பார்வையாலேயே கேட்டார். எனக்குத் தெரியாது என்று நானும் பார்வையாலேயே பொய் சொன்னேன்.

ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தேன். அதெலீனின் பிறப்பு, அம்மாவின் சலவைத் தொழில் என்று கொஞ்சம் சொன்னதும் தொண்டை வறண்டது. பாட்டிலை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். கூடம் அதிரக் கைதட்டல்! (உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பூரித்துப் போனேன். இவ்வளவு ஞானமுள்ள ஜனமா நம் லிங்கராஜபுரத்தில் என்றுகூட நினைத்தேன்.)

அடுத்து, அதெலீனின் அம்மா காய்ச்சலில் சாகும் இடம். எனக்கே குரல் கம்மியது. தண்ணீர் குடித்தேன். மறுபடியும் கைதட்டல். பின்னால் ஒருவர் விசில் அடித்தார். வசுந்தரா மேடம் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எனக்குப் பதற்றம். பதற்றத்தில் தொண்டை இன்னும் வறண்டது. குடித்தேன், தட்டினார்கள். இருமினேன், குடித்தேன், தட்டினார்கள். அம்மா மட்டும் பெருமை தாங்காமல் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் வாடகைக் கைதட்டிகளின் கதைக்கு வந்தேன். "அவர்களுடைய தலைவன் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்து சைகை காட்டுவான்" என்று சொல்லும்போது என் கண் தானாக நடு நாற்காலிக்குப் போனது. மாமா என் முகத்தைப் பார்க்கவே இல்லை, பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறி தட்டியது. சோதித்துப் பார்க்கலாம் என்று மெதுவாகப் பாட்டில் பக்கம் கையைக் கொண்டுபோனேன். செய்தித்தாள் உயர்ந்தது. அத்தனை கைகளும் உயர்ந்தன. கையை எடுத்தேன். அத்தனை கைகளும் இறங்கின.

எனக்குள் என்ன வந்தது என்று தெரியவில்லை. ஆங்கிலம் போனது, பிரெஞ்சு போனது.

"மாமா! இனிமே எவனாவது தட்டுனான், தட்டுன கைய ஒடிச்சிருவேன்! நான் சொல்ற வரைக்கும் ஒருத்தனும் கையத் தூக்கக் கூடாது!"

மைக் ஆனில் இருந்தது. குழாய் ஸ்பீக்கர் வழியாகத் தெருவே கேட்டது. வெளியே போய்க்கொண்டிருந்த ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

மிச்சக் கதையையும் சொல்லி முடித்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, நன்றாகவே சொன்னேன். அதெலீன் அமைதிக்குள் பாடிய இடத்தை, மூச்சுவிடக்கூடப் பயந்த ஒரு கூட்டத்துக்கு முன்னால் சொன்னேன். நன்றி என்று முடித்தேன். ஒரு கைகூட எழவில்லை. சுவரோரம் நின்ற பெரியவர்கள் குஷனை மார்போடு அணைத்துக்கொண்டார்கள். வசுந்தரா மேடம்கூடத் தட்டவில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் அதெலீன் பட்ட அவமானம் என்னவென்று எனக்கு நன்றாகப் புரிந்தது, அதைப் புரியவைத்தது என் சொந்தத் தாய்மாமன் என்பதில்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நடு நாற்காலியிலிருந்து ஒரு குரல் பயந்து பயந்து கேட்டது.

"இப்ப தட்டலாமா பாப்பா?"

மைக்கை ஆஃப் பண்ணிவிட்டு இறங்கிவிட்டேன்.

வசுந்தரா மேடம் வாசலில் என் கையைப் பிடித்தார். "கடைசிப் பகுதி ரொம்ப நல்லா இருந்தது, ஸ்டெல்லா. ஆனா எங்க ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் சின்னப் பசங்க. கைய ஒடிப்பேன்னு எல்லாம் அவங்ககிட்ட பேச முடியாது, புரியுதா?" புரிந்தது. அந்த இடம் வேறு யாருக்கோ போயிற்று. ஏன் கத்தினாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அவர். அவர்மேலும் எனக்குக் கோபம்தான்.

வெளியே மாமாவின் ஆட்கள் பிரியாணிப் பொட்டலத்தோடு வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். "ஏன் மாமா இப்படிப் பண்ணீங்க?" என்றேன். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"எந்தத் தலைவரா இருந்தாலும் கைதட்டுக்கு இடம் விட்டுத்தாம்மா தண்ணி குடிப்பாரு. நீ இங்கிலீஷ்ல பேசுற. எங்க ஜனத்துக்கு வேற எதைக் காட்டித் தட்டச் சொல்றது? நீ அத்தினி வாட்டி குடிச்சா நாங்க என்னா பண்றது?"

"அவன் உனக்காகத்தானேடி செஞ்சான்" என்றார் அம்மா. மாமாவோடு சண்டை போடலாம், அந்த வாக்கியத்தோடு எப்படிப் போடுவது? அதனால் அதன்மேல் இருக்கும் கோபம்தான் எல்லாவற்றிலும் பெரியது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கேக் வெட்டினாலும் சரி, மோதிரம் மாற்றினாலும் சரி, எல்லார் கையும் அந்தரத்தில் நின்றுவிடும். முகங்கள் என் பக்கம் திரும்பும். "ஸ்டெல்லா, தட்டலாமா?" நண்டு சிண்டெல்லாம் கேட்கிறது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினால்தான் ஆயிற்று.

போன வருஷம் ஆபீஸில் குடும்ப தினம். பிரெஞ்சு பிராசஸில் நீண்ட நாள் தாக்குப்பிடித்ததற்காக எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். மேனேஜர் என் பெயரைச் சொன்னதும் ஹாலே தட்டியது. ஒரே ஒரு வரிசை மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தது. அம்மா, மாமா, மாமி, அவர்கள் பிள்ளைகள். சத்தம் அடங்கியதும் மாமா எழுந்து நின்று கேட்டார்.

"பாப்பா, தட்டலாமா?"

எந்த ஹெட்செட்டைக் கழற்றி எறிய நினைத்தேனோ அதற்கே கொடுத்த கேடயத்தைப் பிடித்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் "தட்டுங்க" என்றேன். கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி தட்டினார்கள். எனக்கு ஆத்திரத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, மாமா இன்னும் பலமாகத் தட்டச் சொல்லிச் சைகை காட்டினார்.