துளசிமணிக்கு நான் போட்ட டி.சி.

திருப்பூர்,
செவ்வாய்க்கிழமை

ஊத்துக்குளி மச்சான் ஞானசம்பந்தம் அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் சென்னியப்பன் வணக்கத்துடன் எழுதுவது. அங்கே எல்லாரும் சுகம்தானே? நான் எட்டு நாளாக என் சமையலையே சாப்பிடுகிறேன், மற்றபடி சுகம். என் போனை நீங்கள் எடுப்பதில்லை என்பதால் இந்தக் கடிதம்.

உங்கள் வீட்டுக் காதுகுத்துக்குத் துளசிமணியை முன்னதாக அனுப்பினேனே, அன்று நடந்ததை என் வாயால் கேளுங்கள். பனியன் கம்பெனி ஸ்டோரில் எனக்கு இருபத்திரண்டு வருடம். டி.சி., அதாவது டெலிவரி சலான் இல்லாமல் ஒரு நூல்கண்டுகூட கேட்டைத் தாண்டாது. என்ன சரக்கு, எத்தனை, திரும்பி வருமா வராதா என்று எழுதினால்தான் எனக்குச் சோறு இறங்கும். அந்தப் பழக்கத்தில் சீர்ச் சாமானுக்கும் ஒன்று எழுதிவிட்டேன். எவர்சில்வர் தட்டு ஐந்து, பட்டுப்பாவாடை ஒன்று, துளசிமணி ஒன்று. ரயிலில் அதைப் படித்தவள் உங்கள் வாசலிலேயே, "என்ற ஊட்டுக்காரரு எனக்கு டி.சி. போட்டுட்டாருங்கண்ணா" என்று அழுதாளாம், அத்தைதான் போனில் சொன்னார். நீங்கள் ஈ.பி.காரர். உங்கள் ஆபீசில் டி.சி. என்றால் பில் கட்டாத வீட்டுக்குக் கரண்டை வெட்டுவது. நான் உங்கள் தங்கையையே வெட்டிவிட்டதாக எடுத்துக்கொண்டீர்கள். தாலுகா ஆபீசில் இருந்த மாமாவோ, நான் டெபுடி கலெக்டரிடம் மனுக் கொடுத்துவிட்டதாக நினைத்து வக்கீலைத் தேடினாராம். பேட்டரியில் வரும் கரண்டுதான் டி.சி. என்று உங்கள் மகன் நித்தீஷ் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லையாம்.

மச்சான், அவள் அந்தச் சீட்டைக் கசக்கிப் பையில் வைத்திருப்பாள், வாங்கிப் பாருங்கள். 'திரும்பி வர வேண்டியது' என்ற கட்டத்தில் அவள் பெயருக்கு நேரே மட்டும்தான் டிக் அடித்திருக்கிறேன். தட்டுக்கும் பாவாடைக்கும் அடிக்கலீங்க. அவ இல்லாத ஊட்டுக்குள்ள போகவே பிடிக்கல. தப்பு என் பேர்லதான். இனிமேல் ஊட்டு விசயத்துக்கு டி.சி. எழுதவே மாட்டேன், அவிநாசியப்பர் மேல சத்தியம். வெள்ளிக்கிழமை காதுகுத்துக்கு வந்து அவளைக் கூட்டிட்டு வந்தர்றனுங்க. வேண்டாம்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க.

அத்தை மாமாவுக்கு என் நமஸ்காரம். காது குத்தப்போகும் கண்ணுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
சென்னியப்பன்

பி.கு.: இதைக் கொண்டுவரும் கம்பெனி வேன் டிரைவர் கருப்புசாமியிடம் ஒரு டி.சி. இருக்கும். கடிதம் ஒன்று, திரும்ப வேண்டியதில்லை. சரிபார்த்து, மஞ்சள் பிரதியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பவும். துளசிமணிக்குத் தெரிய வேண்டாம்.