ஒரு சொட்டு ரத்தம் போதும் என்பவர்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் ரப்பர் மரங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. ஆய்வுக்கூட வாசலைக்கூட மிதிக்காத ஆய்வாளர்களோ பெருகிக்கொண்டே வருகிறார்கள். திகாம் பத்து என்ற ஊரில் அந்த இனத்துக்கு லோகேஸ்வரன் என்று பெயர்.

உலகத்தின் எந்த மூலையில் எவர் புரதத்தை உறையவைத்துப் படம் பிடித்தாலும், செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தாலும், அந்தச் செய்தி அவர் பல் துலக்குவதற்குள் கைப்பேசிக்கு வந்து, தலைப்பு மட்டும் படிக்கப்பட்டு, கோயில் வாட்சாப் குழுவுக்கும் குடியிருப்புத் தாமான் குழுவுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். பிறகு மாமாக் சாப்பாட்டுக் கடையில் பசியாற உட்காருவார். புரதம் எப்படி மடிகிறது என்று ரொட்டி சானாயை மடித்துக் காட்டுவார். யாருடைய ரொட்டி? எதிரில் இருப்பவருடையது.

அடுத்த வீட்டுத் தேவகி கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவள். அவள் கழுத்தில் ஒரு கட்டி. ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்க மருத்துவமனையில் நாள் கொடுத்திருந்தார்கள். லோகேஸ்வரனுக்கு மனசு கேட்குமா? வேலியோரம் வந்து நின்றார்.

“ஊசியெல்லாம் பழைய காலத்து வேலைலா, தங்கச்சி. இப்ப ஒரு சொட்டு ரத்தம் போதும், எந்த செல் கெட்டுப்போச்சுன்னு காட்டிரும். கொஞ்சம் பொறு, இங்கயும் வந்துரும்.”

ஊசி என்றாலே நடுங்கும் தேவகிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. போகாமல் இருந்துவிட்டாள். அந்தப் புதிய முறை வரவில்லை. கட்டி வளர்ந்தது.

சில மாதம் கழித்து, குளிக்கும்போது லோகேஸ்வரனின் அக்குளில் சுண்டைக்காய் அளவுக்கு என்னவோ தட்டுப்பட்டது. ஈரத் துண்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். குழுவில் கேட்டாரா? கைப்பேசியைத் தடவினாரா? தெரிந்த ஆளைப் பிடித்து, ஊசிக்கு உடனே நாள் வாங்கி, விடிந்ததும் விடியாததுமாக மருத்துவமனையில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார்.

அங்கே தேவகியும் இருந்தாள். முன்பே வந்திருந்தால் சின்ன அறுவையோடு போயிருக்கும், இனி கழுத்தைப் பெரிதாகத் திறக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் இவரையும், இவர் கையில் இருந்த சீட்டையும் பார்த்தாள்.

“அண்ணே, ஒரு சொட்டு ரத்தம் போதும்னு சொன்னீங்க?”

லோகேஸ்வரன் செருமினார். “நமக்குன்னு வரும்போது ரிஸ்க் எடுக்க முடியாதுலா.”

அவருக்கு வெறும் கொழுப்புக் கட்டிதான். முடிவு வந்த மறுநாளே குழுவில் அடுத்த கண்டுபிடிப்பு வந்து விழுந்தது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்று காலை ‘அவசியம் பகிரவும்’ என்று ஒன்றை அனுப்பினீர்களே, அதைக் கடைசிவரை படித்தீர்களா? உங்கள் பக்கத்து வீட்டுக்காரி படித்துவிட்டாள். நாளைக்குத்தான் அவளுக்கு மருத்துவமனையில் நாள்.