கர்னல் சாமிநாதனின் கார் நிறுத்தும் படலம்

கட்டுப்பாட்டுக்குப் பேர் போன அமைப்புகள் இவ்வுலகில் இரண்டே இரண்டு. ஒன்று ராணுவம். மற்றொன்று, மலேசியாவில் ஜாசினுக்குப் பக்கத்தில் வெள்ளைப்பாலத் தோட்டத்து மாரியம்மன் கோயில் நிர்வாகக் குழு. இரண்டிலும் பணியாற்றிய பெருமை லெப்டினன்ட் கர்னல் சாமிநாதன் ஒருவருக்கே உண்டு.

ராணுவத்தில் அவர் உயர்ந்தது சாதாரண விஷயம். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பெரியதம்பியின் மகன் பதினெட்டு வயதில் சிப்பாயாகச் சேர்ந்தார்; கார்ப்பரல், சார்ஜன்ட் என்று ஏறி, அதிகாரியாகி, லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்றார். முப்பத்தாறு ஆண்டுகள்தான் பிடித்தன.

கோயிலில் உயர்வதுதான் சாதனை. ஊர் திரும்பிய வாரமே தலைவர் பாலகிருஷ்ணன் அவருக்கு விசிலும் சிவப்புக் கொடியும் தந்து ‘வாகனப் பாதுகாப்புத் தளபதி’ ஆக்கினார். அதாவது, திருவிழாவுக்கு வரும் கார்களுக்கு இடம் காட்டுவது. ஐந்து திருவிழாவாக அதே பதவி. எண்ணூறு பேரை ஏவிய குரலுக்கு ஊரிலுள்ள மைவி கார்களெல்லாம் அடங்கி நின்றன.

இந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளராகிவிட வேண்டும் என்று கர்னல் மனதார ஆசைப்பட்டார். ஒரே சட்டையை இரண்டு முறை இஸ்திரி போட்டார்.

“ஐ.நா. படையில போனப்பகூட நீங்க இவ்ளோ டென்ஷன் ஆகலையே!” என்று மனைவி விஜயராணி சிரித்தார்.

கூட்டத்தில் கர்னல் எழுந்து நின்றார். “செயலாளர் பதவிக்கு நான் நிக்கிறேன்.”

தலைவர் பதறிப்போனார். “அண்ணே, நீங்க எவ்ளோ பெரிய ஆளு! இதெல்லாம் உங்களுக்குச் சின்னதுலா.”

“பரவால்ல தம்பி, செய்றேன்.”

“அனுபவம் வேணுமேண்ணே.”

“பட்டாளத்தையே நடத்தியிருக்கேன்.”

“அங்க எதிரிய மட்டும்தான் சமாளிக்கணும். இங்க உபயக்காரங்க இருக்காங்க.” தலைவர் குரலைத் தாழ்த்தினார். “அதோட, வழக்கம்னு ஒன்னு இருக்கு. இந்தப் பதவியெல்லாம் தோட்டத்துல வேலை வாங்குன கங்காணி வீட்டு ஆளுங்களுக்குத்தான். எங்க தாத்தா காலத்துலேருந்து அப்படித்தான்.”

“தோட்டத்தையே அழிச்சு வீடு கட்டிட்டாங்களே தம்பி. கங்காணி ஏது?”

“தோட்டம் போனா வழக்கம் போயிருமாண்ணே?”

கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. தலைவரின் மருமகன் குகன் ஏகமனதாகச் செயலாளரானார். கோயிலுக்குள் அவர் வருவது அதுதான் இரண்டாம் முறை; முதல் முறை அவருடைய கல்யாணம். கர்னலையும் குழு மறக்கவில்லை. இனி மோட்டார் சைக்கிள்களும் அவர் பொறுப்பு என்று பதவி உயர்வு அளித்தது. கர்னல் விறைப்பாக நின்று இன்னொரு விசிலையும் வாங்கிக்கொண்டார்.

திருவிழா அன்று, மேளம் தொடங்கிய பிறகு தலைவரின் பெரிய கார் வந்தது. கோயில் வாசலில் அவர் வழக்கமாக நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் பூ விற்கும் காளியம்மாவின் பழைய வேன் நின்றது. கர்னல் விசில் ஊதி, செம்பனை மரங்களின் ஓரத்துக் கடைசி வரிசையைக் காட்டினார். அங்கே முழங்கால் வரை சேறு.

“அண்ணே, நான் தலைவர்லா!”

“தெரியும் தம்பி. அந்தம்மா காலையில அஞ்சு மணிக்கே வந்துட்டாங்க. இங்க முந்தி வந்தவங்களுக்கு முந்தி இடம். யாரு வீட்டுப் புள்ளைன்னு பாத்து இடம் கொடுக்க இது என்ன, நிர்வாகக் குழுவா?”