சினாப்ஸும் ஒரு வெள்ளைச் சட்டையும்

பயம் வந்தால் எல்லோருக்கும் வாய் குளறும். எனக்குக் கை குளறும். பிளஸ் டூ உயிரியல் செய்முறைத் தேர்வில்தான் அது ஊருக்கே தெரிந்தது.

எனக்கு அப்போது பரம எதிரிகள் இரண்டு பேர்: சினாப்ஸ், சினாப்சிஸ். முதலாவது, ஒரு நரம்பு செல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவிலிருக்கும் சின்ன இடைவெளி. சேதி அதைத் தாண்டித்தான் போகும். மற்றது, செல் பிரியும்போது ஜோடிக் குரோமோசோம்கள் ஒட்டிக்கொண்டு நிற்பது. எது எதுவென்று யாராவது கேட்டால் இரண்டையும் மாற்றிச் சொல்வேன். இதில் கோட்டை விட்டால் நர்சிங் கிடையாது. எண்ணூரில் இறால் உரிக்கிற கம்பெனியில் அத்தை எனக்கு இடமே சொல்லி வைத்திருந்தாள். (என் மேல் அவ்வளவு நம்பிக்கை!)

கூடப் படித்த ஜெசிந்தா ராயபுரத்துக்காரி. அவள் அப்பா லாஞ்சில், அதாவது விசைப்படகில், மீன்பிடிக்கப் போகிறவர்.

"இதுக்கா பேஜாராவுற? ரெண்டு லாஞ்சு ஒட்டிகினு நிக்குதே, அது சினாப்சிஸ். லாஞ்சுலேர்ந்து கரைக்குக் கூடைய வீசறாங்களே, நடுவுல தண்ணி கீது பாரு, அது சினாப்ஸ். கையால செஞ்சு பாரு, மறக்காது" என்றாள்.

ஒரு வாரம் தலையணை, தேங்காய், தம்பியின் செருப்பு என்று வீட்டிலிருந்த எல்லாவற்றையும் வீசிப் பழகினேன்.

தேர்வன்று, வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்னால் போனவள் அழுதுகொண்டே திரும்பி வந்தாள்.

"சினாப்ஸ்னா என்னம்மா?"

நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது. கைக்கு மட்டும் எல்லாம் ஞாபகமிருந்தது. மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வெங்காய வேருக்குப் போடும் சிவப்புச் சாயக் குப்பி மேசையில் இருந்தது. எடுத்து, "புடி சார்!" என்று வீசிவிட்டேன்.

பாவம், மனிதர் நன்றாகத்தான் பிடித்தார். குப்பிக்குத்தான் மூடி இல்லை.

கழுத்திலிருந்து பெல்ட் வரை சிவப்பு. எங்கள் டீச்சர் "ஐயோ!" என்று சுவரைப் பிடித்துக்கொண்டார். என் கண்முன் இறால் மலைமலையாகக் குவிந்தது. அப்போதுதான் அழுகையோடு வாயும் திறந்தது.

"உங்க கையும் என் கையும் தொடல சார். நடுவுல எடம் கீது. அதத் தாண்டி வந்துச்சே, அதான் சார் சினாப்ஸ்!"

அவர் சட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சரி. சினாப்சிஸ் என்னன்னு நான் கேக்கவே இல்ல. நீ அங்கேயே நில்லும்மா" என்று மார்க்கைப் போட்டார்.

நர்ஸாகிப் பல வருடம் ஆகிறது. இன்னமும் வீட்டில் யாரும் என் கையிலிருந்து எதையும் வாங்குவதில்லை. மேசையில் வைக்கச் சொல்கிறார்கள். போன வாரம் என் மகள் உயிரியல் புத்தகத்தோடு சந்தேகம் கேட்க வந்தாள். வெளியே நல்ல வெயில். அவள் மழைக்கோட்டு போட்டிருந்தாள்.