ஏழாவது உருப்படி

ஆறு உருப்படி இருக்க வேண்டிய தொட்டியில் ஏழு இருந்தது. கிளியம்மாள் மறுபடி எண்ணினாள். அப்போதும் ஏழுதான்.

வேறு நாளாக இருந்தால் ஒரு துணி கூடியதற்காக யாரும் மயக்கம் போட்டு விழமாட்டார்கள். அன்று ஸ்ரீபெரும்புதூர் சலவைத் தொழில் பயிற்சி நிலையத்தில் கடைசிப் பரீட்சை. எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்த எழுபத்தொன்றாம் வருஷத்து டிசம்பர். பரீட்சைக்கென்றே மெட்ராஸ் மிலிட்டரி ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு லாரி அழுக்குத் துணி வந்திருந்தது. நன்றாக வெளுத்தவர்களுக்கு அங்கேயே வேலை. விமானம் வந்தால் வெளிச்சம் தெரியக்கூடாதென்று ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். வெளுப்புக்குப் பரீட்சை, அதை இருட்டில் நடத்தினார்கள்.

"பட்டாளத்துத் துணி!" என்று காலையிலேயே முழங்கியிருந்தார் ஆசிரியர் கோதண்டம். சண்டை ஆரம்பித்த நாளிலிருந்து அவர் காக்கிச் சட்டை தவிர வேறு போடுவதில்லை. "ஒண்ணு கொறஞ்சாலும் கேஸு, ஒண்ணு கூடுனாலும் கேஸு. புரிஞ்சுதா?"

கிளியம்மாள் ஏழாவது உருப்படியை உருவினாள். நீலக் கோடு போட்ட சட்டை. நெஞ்சுப் பக்கம் செம்பழுப்பாக ஒரு கறை. தொழில் பழக்கத்தில் காலரைத் திருப்பிப் பார்த்தாள். எத்தனை வெளுத்தாலும் போகாத சேங்கொட்டைச் சாற்றில் போட்ட குறி ஒன்று இருந்தது. ஒரு வளைவு, மேலே ஒரு புள்ளி. கிளிமூக்கு.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

துணி மாறாமலிருக்க வீட்டுக்கு ஒரு குறி போடுவது சலவைக்காரர்கள் வழக்கம். இந்தக் குறி ஊரில் எந்த வீட்டுக்கும் கிடையாது. கல்யாணமான புதிதில், புருஷன் பாண்டுரங்கன் துணிக்கென்று தன் பேரை நினைத்து அவளே கண்டுபிடித்தது.

பாண்டுரங்கன் பட்டாளத்தில் இருந்தான். போன லீவில் வந்தபோது அவள் பயிற்சியில் சேர்ந்திருப்பதைக் கேட்டு, "துணி தொவைக்க ஒரு பள்ளிக்கூடமா? அப்ப சோறு துன்றதுக்குக் காலேஜு எங்க கீது?" என்றான். தெருவே சிரித்தது. "இனிமே உன் சட்டைய என் கையால தொட்டா ஏன்னு கேளு!" என்றாள் இவள். அவன் சொல்லிக்கொள்ளாமல் ரயிலேறிப் போய்விட்டான். அப்புறம் சண்டை வந்தது. தகவலே இல்லை. அழுக்குச் சட்டையோடாவது ஆள் வந்து சேரட்டும் என்று அவள் வேண்டிக்கொள்ளாத சாமி இல்லை.

இப்போது சட்டை மட்டும் வந்திருக்கிறது.

எந்தக் கறையையும் முகர்ந்து பார்த்தே இன்னதென்று சொல்லிவிடுவாள் கிளியம்மாள். வகுப்பில் அதற்கு அவளை விட்டால் ஆளில்லை. இந்தக் கறையை மட்டும் மூக்குக்குக் கொண்டுபோக அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"யக்கா, இன்னா அப்டியே குந்திகினே?" என்றாள் அடுத்த தொட்டி கங்கா.

"ஒண்ணுமில்ல, தலை சுத்துது" என்று சட்டையைச் சுருட்டி முந்தானைக்குள் செருகிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து லாரி டிரைவர் தசரதன் வாசலில் வந்து நின்றான். வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, கிளியம்மாளையே பார்த்தபடி, "நீலக் கோடு போட்ட சட்டை ஒண்ணு, ஆயிடுச்சா?" என்றான்.

செத்தவர்கள் துணியைத் திருப்பி அனுப்புவார்களாமே! அதைத்தான் கேட்கிறான் என்று தோன்றியது அவளுக்கு. இருக்கிற ஒன்றையும் கொடுப்பதா?

"அப்டி எதுவும் வரலியே" என்றாள்.

தசரதன் திகைத்தான். "நல்லாப் பாரும்மா. கண்டிப்பா வந்திச்சி."

"வரலன்னா வரலதான்!"

கோதண்டத்தின் காதில் அது விழுந்தது. "இன்னாது, பட்டாளத்துச் சட்டை காணமா?"

"அய்யோ சார், அது வந்து..." என்று இழுத்தான் தசரதன்.

"கதவ மூடு! எல்லாத் தொட்டியும் சோதனை! எல்லாரும் முந்தானைய ஒதறுங்க!"

முந்தானையை உதறினால் மானம் போகும், சட்டையும் போகும். கிளியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் கொதித்துக்கொண்டிருந்த கொப்பரையில் சட்டையைத் தள்ளிவிட்டாள். அதில் வெந்துகொண்டிருந்தவை கங்காவின் வெள்ளைப் படுக்கை விரிப்புகள்.

சோதனை முடிவதற்குள் கொப்பரையில் நீலம் பரவிவிட்டது. கங்கா கழியால் ஒரு விரிப்பைத் தூக்கி, ஜன்னல் காகிதத்தைக் கிழித்து வெளிச்சத்தில் பார்த்தாள். ஆகாச நிறத்தில் இருந்தது.

"சார்! என் துணி போச்சி சார்!" என்று அலறினாள்.

"நீலம் கொஞ்சம் தூக்கலாப் போட்டுட்டா போலக்கீது" என்று கிளியம்மாள் சமாளித்தாள்.

"நான் நீலமே போடலியே!"

கோதண்டம் ஆடிப்போனார். "ஆஸ்பத்திரில நான் இன்னாடி பதில் சொல்லுவேன்? கங்கா, நீ பெயில். போ வெளில!"

கங்காவின் அப்பன் படுத்த படுக்கை. இந்த வேலையை நம்பித்தான் அந்த வீடு இருந்தது. அவள் வாய் கோணிக்கொண்டு வந்தது. கிளியம்மாளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

கழியை வாங்கிக் கொப்பரைக்குள் விட்டு, அடியிலிருந்து சட்டையைத் தூக்கினாள். கோடுகள் வெளுத்திருந்தன. கறை மங்கியிருந்தது. காலரில் கிளிமூக்கு மட்டும் அப்படியே இருந்தது.

"கங்கா மேல தப்பில்ல சார், நான்தான் போட்டேன். இது எங்க வூட்டுக்காரரு சட்டை. குறி என் கையால போட்டது. பெயில் போடு சார், கேஸும் போடு. இத மட்டும் குடுக்க மாட்டேன். அவரப் படிச்சவ திமிருல பேசித் தொரத்துனேன் சார். தொட மாட்டேன்னு சொன்ன வாயி இது. இதத்தான சார் இப்ப அவராட்டம் கட்டிப் புடிச்சிக்கினு கெடக்கணும்!"

ஆவி பறக்கும் ஈரச் சட்டையை அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கங்கா தன் விரிப்பை மறந்து அழுதாள். கோதண்டம் காக்கிச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தசரதன் வெற்றிலையை வெளியே துப்பிவிட்டு, தலையைச் சொறிந்தபடி உள்ளே வந்தான்.

"அத உன் தொட்டில போட்டதே நான்தான். சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு, இனிமே தாங்காது. அந்தக் கறை என் வெத்தலை எச்சிதாம்மா, காத்துல தெறிச்சிடுச்சி. சட்டைய சீக்கிரம் காயவெச்சிக் குடு, 'அவ தொவைச்சிக் குடுத்தா எறங்குறேன், இல்லாங்காட்டி இதே வண்டில திரும்பிப் போறேன்'னு ஒரு மனுசன் காலைலேர்ந்து வெறும் ஒடம்போட என் லாரில குளுருல நடுங்கிக்கினு கீறாரு!"