மேல்மாடி ஸ்பீக்கர் ரிப்பேர்

மனைவிக்குத் தெரியாமல் மனைவியைக் கிண்டல் அடிக்கிற ஆண்கள் உலகத்தில் எத்தனையோ பேர். அதையே மைக் பிடித்து, டிக்கெட் வாங்கி வந்தவர்கள் முன்னால் தினமும் செய்தவர் நம்ம கைடு ஒருத்தர்தான்.

பழைய துறைமுக ஊர் அது. கோட்டை, பீரங்கி, நங்கூரம், கலங்கரை விளக்கம் என்று பார்க்க நாலு இடம் உண்டு. காலையில் ஒரு மாடி பஸ் கிளம்பி எல்லாவற்றையும் சுற்றிக் காட்டிவிட்டு மத்தியானம் திரும்பும். கைடு கீழே டிரைவர் பக்கத்தில் நின்று பேசுவார். திறந்த மேல்மாடியில் இருப்பவர்களுக்கு அது ஸ்பீக்கரில் கேட்கும்.

ஆரம்பத்தில் வருஷக் கணக்கும் ராஜாக்கள் பேரும்தான் சொன்னார். பயணிகள் குறட்டை விட்டார்கள். ஒரு நாள் வாய் தவறி, "இந்தக் கோட்டைச் சுவர் பதினாலு அடி தடிமன். பீரங்கிக் குண்டே துளைக்காது. என் பெண்டாட்டி கூப்பிட்டா மட்டும் உள்ளே கேட்கும்!" என்றார். பஸ்ஸே குலுங்கியது. அவ்வளவுதான், ருசி கண்டுவிட்டார். பீரங்கியைப் பார்த்தால் அவள் கோபம், நங்கூரத்தைப் பார்த்தால் அவள் கனம், கலங்கரை விளக்கத்தைப் பார்த்தால் புருஷனை வேவு பார்க்கிற அவள் கண்!

இத்தனைக்கும் அந்த அம்மாள் அதிர்ந்து பேசாத மனுஷி. இவருக்குத் தொண்டை கட்டக் கூடாதென்று தினமும் பிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்து அனுப்புவாள். அந்த வெந்நீரைக் குடித்துத் தொண்டையைச் சரி பண்ணிக்கொண்டுதான் அவளைக் கிண்டல் அடிப்பார் மனுஷன்.

"உங்க பஸ்ல என்னை ஒரு தடவை கூட்டிட்டுப் போங்களேன்" என்று அவள் கேட்கும்போதெல்லாம் சீட் இல்லை, காற்று ஒத்துக்காது, டயர் சரியில்லை என்று இருபது வருஷத்தை ஓட்டிவிட்டார். இந்த வருஷம் கல்யாண நாள் காலையில் பிளாஸ்க்கோடு ஒரு டிக்கெட்டையும் நீட்டினாள்.

"என்ன இது?"

"டிக்கெட். மேல்மாடி, முதல் சீட்."

"இன்னைக்கா? எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"சொன்னா டயர் பஞ்சராயிடுமே."

கைடு பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். ஜோக்கை விட்டால் பஸ் தூங்கிவிடும். சொன்னால் அவள் மனசு நொந்துபோகும். அவள் முகம் வாடினால் இவருக்குச் சோறு இறங்காது. ஓடிப்போய் டிரைவரிடம் புலம்பினார்.

"இதுக்கா இப்படி வேர்க்கறீங்க? மேல்மாடி ஸ்பீக்கருக்குத் தனி ஸ்விட்ச் இருக்குண்ணே. அணைச்சிடறேன்."

"அட, எனக்குத் தோணலையே! யாராவது கேட்டா?"

"ரிப்பேர்னு சொல்லிடலாம்."

"உன் மூளைக்கு நீ பஸ் ஓட்டற ஆளே இல்லப்பா!"

பஸ் கிளம்பியது. கோட்டை வந்தது. கைடு தெம்பாகச் சுவர் ஜோக்கை எடுத்துவிட்டார். கீழே சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் மேலே அதைவிடப் பெரிசாக ஒரு சிரிப்பு.

"மேலே என்னப்பா சிரிப்பு?"

"குரங்கு ஏதாச்சும் பார்த்திருப்பாங்கண்ணே."

பீரங்கி வந்தது. இவர், "எங்க வீட்டிலயும் ஒண்ணு இருக்கு" என்று ஆரம்பிக்கும்போதே மேலே கைதட்டல். கீழே இருந்த எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். வழுக்கைத் தலைக்காரர் ஒருவர், "என்னன்னு பார்த்துட்டு வந்துடறேன்" என்று படியேறினார். திரும்பி வரவில்லை. அவரைத் தேடி அவர் சம்சாரம் ஏறினாள். அவளும் வரவில்லை. நங்கூரம் வருவதற்குள் பாதி சீட் காலி. கலங்கரை விளக்கத்தில் பஸ் நின்றபோது கீழே மிச்சம் ஒரே ஒரு பெரியவர். அவரும் தூங்கிக்கொண்டிருந்தார்.

கைடு மைக்கை வைத்துவிட்டுப் படியேறினார். நாலாவது படியில் அப்படியே நின்றுவிட்டார். மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு, காற்றை மீறிக் கத்திப் பேசிக்கொண்டிருந்தாள் அவர் மனைவி.

"புதுசா மேலே வந்தவங்களுக்காக இன்னொரு தடவை சொல்றேன். கோட்டைச் சுவர் பதினாலு அடி. எந்தச் சத்தமும் உள்ளே போகாது. எங்க வீட்டுக்காரர் பேப்பர் படிக்கறப்போ அவர் காதும் அப்படித்தான். பீரங்கியும் அவர் கோபமும் ஒண்ணு. சத்தம் பெரிசு, குண்டு எங்கேயோ போய் விழும்!"

ஒரே ஆரவாரம். அடி, படி, வருஷம் எதிலும் தப்பில்லை. இவர் குளித்துக்கொண்டே ஒத்திகை பார்த்ததை வெளியே நின்று கேட்டே அவளுக்குப் பாடமாகியிருந்தது.

"இந்த விளக்குக்கு மட்டும் ஜோக் கிடையாது" என்றாள். "கல்யாணமான புதுசுல ஒரு நாள் புயல். எல்லா பஸ்ஸும் வந்துடுச்சு, இவரோடது மட்டும் வரலை. இங்கேதான் வந்து நின்னேன். இருட்டினதும் விளக்கு சுத்த ஆரம்பிச்சுது. அந்த வெளிச்சம் ரோட்டுப் பக்கம் வர்றப்பல்லாம் பஸ் தெரியுதான்னு பார்த்தேன். ஒருவழியா வந்து இறங்கினாரு. கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? 'குடை எடுத்துட்டு வரலையா?'"

எல்லோரும் சிரித்தார்கள். நம்ம ஆளுக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது. இதே விளக்கைக் காட்டித்தானே வேவுக் கண், அது இதுவென்று உளறிக்கொண்டிருந்தோம், சே!

கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டி இருமல் வந்தது. கைடு கீழே ஓடிப்போய் பிளாஸ்க்கை எடுத்துவந்து, மூடியில் வெந்நீர் ஊற்றி நீட்டினார்.

"இவர்தான் அவர்" என்றாள். அவருக்கும் கொஞ்சம் கை தட்டினார்கள்.

திரும்பி வந்து எல்லோரும் இறங்கிப் போன பிறகு, கைடு தலையைச் சொறிந்தார்.

"அந்த ஸ்பீக்கர் ரிப்பேர் இல்லம்மா. அணைக்கச் சொன்னேன்."

"தெரியும். போன வருஷம் சீட் இல்லைன்னீங்களே, அன்னைக்கே மேலே கடைசி சீட்ல உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்டுட்டேன்."

"எல்லாத்தையுமா? அழுதியா?"

"பீரங்கிக்கு நல்லாச் சிரிச்சேன். விளக்குக்குத்தான் அழுகை வந்துடுச்சு."

"இனிமே அதைச் சொல்லவே மாட்டேன். சத்தியமா."

"எப்படிச் சொல்வீங்க? நான்தான் மாத்திட்டேனே."

"அது சரி, இன்னைக்கு ஸ்பீக்கர் அணையும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் டிரைவரைப் பார்த்தாள். டிரைவர் கண்ணாடியில் இல்லாத அழுக்கை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் வாங்க, சாப்பிடலாம்" என்று பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். கைடு வழக்கம்போலப் பயணிகள் கருத்து எழுதும் நோட்டைப் புரட்டினார். கடைசியாக எழுதியிருந்தது, அவர் இருபது வருஷமாகப் பார்த்துப் பழகிய குண்டு குண்டான கையெழுத்து:

"மேல்மாடி கைடு அம்மா பிரமாதம். கீழே யாரோ ஒருவர் வழி முழுக்கத் தனியாகப் பேசிக்கொண்டே வந்தார். பாவம், அவரை ஒரு டாக்டரிடம் காட்டவும்."