ஆறு மணிக்கு மேல் செருப்பு கூடாது

சூரியன் தினமும் மறைவதே மனிதர்கள் உடை மாற்றிக்கொள்வதற்காகத்தான் என்று மனப்பூர்வமாக நம்பிய ஒரே ஒரு கமுதிக்காரரை எனக்குத் தெரியும். அவருடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் சொந்தத் தெருவிலேயே முழிப்பார்கள். ‘ஆறு மணி’ என்று கேட்டுப் பாருங்கள், பஸ் ஸ்டாண்டிலிருந்தே வழி சொல்லிவிடுவார்கள்.

நான் சாயல்குடிக்காரன். இந்தப் பத்திரிகையில் எழுத வருவதற்கு முன்னால் ஒரு சொகுசுக் கப்பலின் சலவைக்கூடத்தில் நாலு வருஷம் இஸ்திரி போட்டேன். இதைச் சொன்னால் சில பேர் மூஞ்சியைச் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். கசங்கின சட்டையோடு பேச வருகிறவர்களுக்கெல்லாம் நான் பதில் சொல்வதில்லை.

பன்னிரண்டு மாடிக் கப்பல் அது. பகலெல்லாம் கோடீஸ்வரர்கள் அரை டவுசரோடு அலைவார்கள், கேட்பாரில்லை. மாலை ஆறு மணி அடித்தால் சட்டம் வேறு. பெரிய டைனிங் ஹாலுக்குள் அரை டவுசர், பனியன், தொப்பி, செருப்பு எதுவும் நுழையக் கூடாது. பயணத்துக்கு இரண்டு நாள் ‘பார்மல் நைட்’ என்று வரும். அன்றைக்கு ஆண்கள் கோட்டு, பெண்கள் தரையைத் தொடும் கவுன், இல்லாவிட்டால் அவரவர் நாட்டு மரியாதை உடை. அந்த ஹாலின் வாசலில் நின்று இந்தச் சட்டத்தைப் பதினோரு வருஷமாகக் காப்பாற்றி வந்தவர்தான் நம்முடைய ஆறு மணி.

வாசலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் இருவருக்கும் ஒரே கேபின். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்த அறை, ஜன்னல் கிடையாது. நான் வேலை முடிந்து வந்து அப்பாடா என்று உட்கார்ந்திருப்பேன். அவர் ஆறரை மணி டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டே கண்ணாடியில் என்னைப் பார்ப்பார்.

“ஏலே, மணி என்ன?”

“ஆறு அஞ்சுண்ணே.”

“பெறகு என்னலே இடுப்புல கைலி?”

“வேல முடிஞ்சிருச்சுண்ணே. கதவப் பூட்டியிருக்கு. சன்னலு கூட இல்ல. யாரு பாக்கப் போறா?”

“நான் பாக்குறேன்ல? என்னயப் பாத்தா ஆளாத் தெரியலயா ஒனக்கு?”

அவர் வெளியே போகிற வரைக்கும் பேண்ட்டும் சட்டையுமாகக் கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். அவர் போனதும் கைலிக்கு மாறுவேன். ஏதோ மறந்துவிட்டது என்று திரும்பி வருவார் பாருங்கள், அது என்னைப் பிடிப்பதற்கென்றே மறந்ததாகத்தான் இருக்கும்.

வாசலுக்குப் பக்கத்து அலமாரியில், கோட்டு இல்லாமல் வருகிறவர்களுக்காக முப்பது நாற்பது இரவல் கோட்டுகள் தொங்கும். அவற்றைத் தேய்த்து மேலே கொண்டுபோய் மாட்டுவது என் வேலை. அதனால் அவர் தொழில் செய்கிற அழகை நேரிலேயே பார்த்திருக்கிறேன். லிப்ட் கதவு திறந்ததுமே ஆளின் தோளை அளந்துவிடுவார். ஒரு பார்மல் நைட்டில் பெரிய முதலாளி ஒருவர் பூப்போட்ட டவுசரோடு வந்து நின்றார். வழியை மறித்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் யார் என்று தெரியுமா?” என்று இங்கிலீஷில் கத்தினார்.

ஆறு மணி குனிந்து வணங்கி, “தெரியும் சார். நாற்பத்தெட்டு. கை மட்டும் கொஞ்சம் கட்டை” என்று ஒரு கோட்டை எடுத்து நீட்டினார். முதலாளி டவுசர் மாற்றி வந்து, அந்தக் கோட்டையும் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனார்.

உடைச் சட்டம் அச்சடித்த சின்னப் புத்தகம் ஒன்று எப்போதும் அவருடைய உள்பையில் இருக்கும். இருந்தும் பிரயோஜனமில்லை, வாய்ப்பாடு மாதிரி அத்தனையும் மனப்பாடம். சாப்பாட்டில் மட்டும் மனிதர் எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்பட மாட்டார். ஊரிலிருந்து ஒரு டப்பா நிறையக் குண்டு மிளகாய் வத்தல் கொண்டுவந்து, எண்ணெயில் பொரித்து, நாம் கடலை கொறிப்பது போலக் கொறிப்பார். அந்த நெடியிலேயே பக்கத்துக் கேபின்காரர்கள் தும்மித் தும்மிக் கண்ணீர் விடுவார்கள். இவர் கண்ணில் ஈரம் என்று ஒரு பொட்டு நான் பார்த்ததில்லை.

லீவில் ஊருக்கு வந்தாலும் சட்டம் கூடவே வரும். சொந்தக்காரர் வீட்டில் மறுநாள் காதுகுத்து. முதல்நாள் மாலையே பந்தி. இவராகவே போய்ப் பந்தி வாசலில் நின்றுகொண்டார். அரை டவுசரோடு வந்த ஓர் இளைஞனைப் பார்த்து, “தம்பி, வீட்டுக்குப் போயி வேட்டி கட்டிட்டு வாங்க. மணி ஆறரையாச்சு” என்று திருப்பி அனுப்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரே கூச்சல். அனுப்பப்பட்டவன் குழந்தையின் தாய்மாமன்! அவன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அவன் கோபித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்துவிட்டான். பாதி ஊர் திரண்டு போய்க் கெஞ்சிக் கூட்டி வந்தது. ஆறு மணி அசரவில்லை. “திரும்பி வாரப்ப வேட்டியோடதான வந்தான்? அம்புட்டுத்தான் நான் சொன்னது” என்றார்.

இத்தனை பேருக்குக் கோட்டு மாட்டிவிட்டவருக்குச் சொந்தமாகவும் ஒரு கோட்டு இருந்தது. கருநீலம். ராமநாதபுரத்தில் ஒரு டெய்லரிடம் போனில் படம் காட்டித் தைத்தது. பிளாஸ்டிக் உறையும் பாச்சை உருண்டையுமாக எங்கள் கேபினில் தொங்கும். ஒருநாளும் போட்டதில்லை. ஆனால் மாதம் ஒருமுறை நான் தேய்த்துக் கொடுக்க வேண்டும்.

“போடாத கோட்டுக்கு எதுக்குண்ணே இஸ்திரி?” என்று ஒருநாள் சலித்துக்கொண்டேன்.

அப்போதுதான் சொன்னார். கப்பல் ஊழியர்கள் அந்த ஹாலில் உட்கார முடியாது. உதவி மேனேஜராகப் பதவி உயர்ந்தால் மாதம் ஒருநாள், கோட்டுப் போட்டுக்கொண்டு, விருந்தாளிகளோடு உட்கார்ந்து சாப்பிடலாம். “பதினோரு வருசமா வாசல்லயே நிக்கிறேன்லே. ஒரே ஒரு நாளு அங்கன உக்காந்து சாப்புடணும். என்னயவும் ஒருத்தன் குனிஞ்சு, வாங்க சார்னு கூப்புடணும். அம்புட்டுத்தான்” என்றார். அதற்குப் பிறகு நான் அந்தக் கோட்டுக்கு மாதம் இரண்டு தடவை இஸ்திரி போட்டேன்.

அந்த வருஷம் வாய்ப்பும் வந்தது. அந்தப் பயணம் முடியும்போது பதவி உயர்வுக் கடிதம் கையில் கிடைக்கும் என்று மேனேஜரே சொல்லியிருந்தார். மேனேஜர் ஒரு வெள்ளைக்காரர், ஆறடி உயரம், சிரித்து நான் பார்த்ததில்லை. ஆறு மணி அந்தப் பத்து நாள் பயணத்தில் முதல் ஏழு நாளும் தரையில் கால் பாவாமல் நடந்தார்.

எட்டாம் நாள் பார்மல் நைட். நான் கோட்டுகளை மாட்டிக்கொண்டிருந்தேன். லிப்டிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் இறங்கியது. வெளிநாட்டில் வேலை பார்க்கிற என்ஜினியர் கோட்டில், அவர் மனைவி பட்டுப்புடவையில். பின்னால் அப்பா. கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, காலில் புதுத் தோல் செருப்பு. மகன் அவருக்கும் ஒரு கோட்டுத் தைத்துக் கொண்டுவந்திருக்கிறார். “இத மாட்டிக்கிட்டு எப்படிப்பா குனிஞ்சு சாப்புடுறது?” என்று பெரியவர் தொடவே இல்லையாம்.

வேட்டிக்குத் தடையில்லை, நாட்டு உடை. ஆறு மணியின் கண் நேராகச் செருப்புக்குப் போனது. அவர் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் வாசலில் நின்று உள்ளே பார்த்தார். சரவிளக்கு, சிவப்புக் கம்பளம், வெள்ளைத் துணி விரித்த மேஜைகள். சட்டென்று செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு கம்பளத்தில் கால் வைத்தார்.

மகன் பதறிப்போனார். “அய்யா, செருப்பப் போடுங்கய்யா! எல்லாரும் பாக்குறாங்க.”

“சோறு திங்கிற எடத்துக்குள்ள செருப்போடயா? என்னப்பா பேசுற நீ?”

பின்னால் வரிசை நின்றுவிட்டது. மேனேஜர் வந்தார். காலைப் பார்த்தார். அறைக்குத் திருப்பி அனுப்பு என்று ஆறு மணியிடம் சொல்லிவிட்டு, குரலைத் தணித்து, “உன் கடிதம் என் மேஜைமேல்தான் இருக்கிறது, நினைவிருக்கட்டும்” என்றார்.

பெரியவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் முகம் தெரியாதா? மகனின் கையைத் தட்டிக் கொடுத்து, “நீங்க ரெண்டு பேரும் போய்ச் சாப்புடுங்கப்பா. நான் ரூம்லயே இருந்துக்கிறேன். எனக்குப் பசியும் இல்ல” என்றார். பிறகு ஆறு மணியின் முகத்தைப் பார்த்து, “தம்பி நம்ம பக்கமோ?” என்று கேட்டார்.

“கமுதிங்கய்யா.”

“நமக்கும் அங்கனதான், மொளகா வெவசாயம். ஒங்களுக்குச் சங்கடம் வேணாம், நான் போறேன்” என்று திரும்பினார்.

ஆறு மணி “நில்லுங்கய்யா” என்றார். உள்பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். அவர் அதைப் பிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மேனேஜர் முன்னால் நின்று ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வாசித்தார். ரப்பர் செருப்பு கூடாது. விரல் தெரியும் செருப்பு கூடாது. விளையாட்டு ஷூ கூடாது.

“செருப்பு போடக் கூடாது என்பதுதான் சட்டம். இவர் போடவில்லை. வெறுங்கால் கூடாது என்று ஒரு வரி இருந்தால் காட்டுங்கள் சார், நானே கூட்டிக்கொண்டு போய் அறையில் விடுகிறேன்” என்றார்.

மேனேஜர் புத்தகத்தை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார். அட்டையைக்கூடப் படித்தார். அப்படி ஒரு வரி இல்லை. சாப்பாட்டு ஹாலுக்கு ஒரு மனிதன் வெறுங்காலோடு வருவான் என்று அதை எழுதினவர்களுக்குத் தோன்றவே இல்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். ஆறு மணி இடுப்பு வரை குனிந்து, “வாங்கய்யா” என்று பெரியவரை மேஜை வரை அழைத்துப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் கடிதம்கூட வந்திருக்கும். வரிசையில் நின்ற இரண்டு வெள்ளைக்காரப் பாட்டிமார் இதையெல்லாம் பார்த்துவிட்டு, “எங்களுக்கும் அனுமதி உண்டா?” என்று கேட்டார்கள். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே? குதிகால் உயர்ந்த ஷூக்களைக் கழற்றி வீசிவிட்டு, “அம்மாடி” என்கிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார்கள். அவ்வளவுதான். கால் மணி நேரத்தில் சுவரோரம் முப்பது ஜோடி. திருப்புல்லாணிக் கோயில் வாசல் தோற்றுப்போகும். ஆறு மணி கொஞ்சமும் கலங்காமல், கோட்டுக்கு வைத்திருந்த டோக்கன்களை என் கையில் திணித்து, “ஏலே, ஜோடி மாறாமப் பாத்துக்க” என்றார். மேனேஜர் மறுபடி வந்தபோது நான் ஒரு சீமாட்டிக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கடிதம் வரவில்லை. அடுத்த பயணத்துக்குப் புதுச் சட்டப் புத்தகம்தான் வந்தது. அதில் கடைசியாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: வெறுங்காலுக்கு அனுமதி இல்லை. நான் அந்தக் கருநீலக் கோட்டைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரோ அந்த வரியை நாலு தடவை சத்தமாகப் படித்து மனப்பாடம் செய்தார். “இது எனக்குன்னே எழுதுன வரிலே. எந்த உதவி மேனேஜருக்கு இப்படி எழுதியிருக்கான், சொல்லு பாப்போம்?” என்றார். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அடுத்த லீவில் இருவரும் ஒன்றாக ஊருக்கு வந்தோம். பெரியவர் எப்படியோ நம்பர் பிடித்துப் போன் போட்டுவிட்டார். சாயங்காலம் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டுமாம், என்னையும் கூட்டிக்கொண்டு. நான் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு ஆறு மணி வீட்டு வாசலில் போய் நின்றால், மனிதர் கருநீலக் கோட்டில் இறங்கி வருகிறார்! கமுதிப் புழுக்கத்தில், கழுத்தில் டையோடு, வேர்த்து விறுவிறுத்து.

“என்னண்ணே இது?”

“மணியப் பாருலே” என்றார்.

பெரியவர் வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றி ஜோடியாக வைத்தார். உள்ளேயிருந்து பெரியவர் வந்தார். வேட்டி, துண்டு, அதற்கு மேலே மகன் தைத்துக் கொடுத்த கோட்டு! பொத்தான் ஒன்று மாற்றிப் போட்டிருந்தார்.

“ஆறு மணி ஆயிருச்சுல்ல தம்பி? ஒங்க சட்டம் எனக்குத் தெரியாதாக்கும்?” என்றவர், நல்லாவே குனிந்து, கையை உள்ளே காட்டி, “வாங்க சார்” என்றார்.

தரையில் இலை போட்டிருந்தது. கோட்டுப் போட்ட இரண்டு பேர் வெறுங்காலைச் சம்மணமிட்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நடுவில் நான் மட்டும் வெறும் சட்டையோடு. இருவரும் ஒரு தடவை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, போனால் போகிறது என்று விட்டுவிட்டார்கள்.

முதல் கவளத்தை வாயில் வைத்ததும் ஆறு மணியின் கண் கலங்கி, கன்னத்தில் வழிந்தது. கோட்டுக் கையால் துடைத்துக்கொண்டு, “கொழம்பு கொஞ்சம் காரம்லே” என்று என்னிடம் சொன்னார்.

குண்டு வத்தலைக் கடலை மாதிரிக் கொறித்த மனிதர். ஆமாண்ணே, ரொம்பக் காரம் என்றேன். இன்றைக்கும் யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.